மூன்றாவது குழி

இரவு ஒன்பதே கால். நவம்பர் இரண்டாம் தேதி... போன மாதம்தான். மழை விட்டும் விடாத தூறல்.

நம் கணபதி ஏரியாவில் மூடிக்கிடக்கிற பழைய மில்லின் பின்சுவரை ஒட்டி ஒரு ரோடு போகிறது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சீமைக்கருவேல முள். விளக்குக் கம்பம் இரண்டுதான். ஒன்று எரியாது. இன்னொன்று எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும். அந்த ரோடு கல்லறையில் போய் முடிகிறது. அதற்கு அப்பால் வழி இல்லை. அதனால் இருட்டின பிறகு அங்கே யாருக்கும் வேலை இல்லை.

அந்த ரோட்டில் ஜெயக்கொடி தனியாக நடந்துபோனாள். கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் மெழுகுவத்தி, ஒரு முழம் செவ்வந்தி, தீப்பெட்டி.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகிற வேன் வர இன்னும் அரைமணி நேரமாவது ஆகும். டிரம்மைச் சும்மா தட்டாதீர்கள்... சத்தம் வேண்டாம். ஜெயக்கொடி யாரோ இல்லை. நம் பாட்டுக் குழுவில் ஜெனிஷா இருக்கிறாளே, அவளுடைய பெரியம்மா. இன்றைக்கு ஜெனிஷா வரவில்லை, அதனால் சொல்லலாம். உங்களுக்குப் பயம் வரும். எனக்கு இதை நினைத்தால் முதலில் வருவது எரிச்சல். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். சாயங்காலம் சாமியார் வந்து குழி குழியாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்த நேரத்தில் கல்லறைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் ஜெயக்கொடி எல்லாரும் போன பிறகு, திருடப் போகிற மாதிரி போனாள். காரணம் அவள் மகன் மெர்வின். ஞாயிற்றுக்கிழமை இரவு அவன் ஜெப வீட்டுக்குப் போய்விட்டு பத்தரைக்குத்தான் வருவான். அதற்குள் போய் வந்துவிட வேண்டும்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

ஜெயக்கொடியின் வீட்டுக்காரர் சின்னப்பராஜ். முப்பது வருஷம் லேத்தில் நின்றவர். கொரோனா இரண்டாவது அலையில், மே மாதம், ஆஸ்பத்திரிக்குள் தானே நடந்துபோனார். ஏழாம் நாள் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டார். சாமியாரை வரச் சொல், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும், மனசில் ஒன்று கிடக்கிறது என்றார். என்ன கிடக்கிறது என்று சொல்லவில்லை. இவள் ஓடினாள். சாமியார் வரத் தயார், ஆஸ்பத்திரிக்காரர்கள் உள்ளே விடத் தயாரில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். பெரிய டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்தக் கையெழுத்துக்கு நிற்கும்போதே ஒன்பதாம் நாள் ஆகிவிட்டது... அவர் பிளாஸ்டிக் உறையில் வெளியே வந்தார்.

அன்றைக்கு ஜேசிபி வைத்து ஒரே வரிசையில் நாலு குழி வெட்டியிருந்தார்கள். நாலு குடும்பமும் கேட்டுக்கு வெளியே நின்றது. நீல உடுப்புப் போட்டவர்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். நாலு மூட்டையும் ஒரே மாதிரி, ஒரே வெள்ளை. காற்றில் அந்த பிளாஸ்டிக் சரக்... சரக்... என்று சத்தம் போட்டது. பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கை அடைத்தது. எல்லாம் முடிந்ததும் நீல உடுப்பில் ஒருவன் தூரத்தில் நின்றே கை காட்டினான். உங்களுடையது மூன்றாவது என்றான். பாவம், அன்று அவன் எத்தனை பேரை இறக்கினானோ.

மூன்றாவது குழியில் பேர் எழுதின இரும்புச் சிலுவையை நட்டார்கள். முதல் குழிக்காரர்கள் பின்னால் கிரானைட் கல்லே போட்டுவிட்டார்கள். இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் ஒருவரும் வரவில்லை. அவற்றின் சிலுவையில் பெயிண்ட் உதிர்ந்து, கோரைப்புல் முளைத்துக் கிடந்தன.

ஜெயக்கொடிக்கு ஒரே கவலைதான். அவர் எங்கே இருக்கிறார்? மனசில் கிடந்ததைச் சொல்லாமலே போய்விட்டாரே. மோட்சத்துக்கு நேராகப் போக முடியாது. நரகத்துக்குப் போகிற அளவுக்குக் கெட்ட மனுஷனும் இல்லை. அப்படியென்றால் நடுவில் இருக்கிற உத்தரிக்கிற ஸ்தலம்தான். அங்கேயும் நெருப்புத்தான், ஆனால் ஒரு நாள் வெளியே விடுவார்கள். உள்ளே கிடக்கிற ஆத்துமா தனக்காக எதுவும் செய்துகொள்ள முடியாது. இங்கே இருக்கிறவர்கள் வேண்டினால்தான் அதற்கு விடுதலை. இது நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததுதான்.

மெர்வினுக்கு அது கிடையாது. அவன் நம் கோயிலை விட்டு ஜெப வீட்டில் சேர்ந்து, புதிதாக ஞானஸ்நானம் எடுத்ததில் இருந்து, செத்ததும் மோட்சம் இல்லையென்றால் நரகம், அவ்வளவுதான். நடுவில் ஸ்டாப்பிங் இல்லாத பஸ். செத்தவர்களுக்காகப் பூசை கொடுப்பதும் மெழுகுவத்தி வைப்பதும் பாவம். வருஷப் பூசை ஒன்று நடந்தது, அதோடு நிறுத்திவிட்டான். நல்ல பையன், கெட்ட பழக்கம் ஒன்றுகூட இல்லை. அம்மாவைக் கையில் வைத்துத் தாங்குவான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கல்.

ஒரு நாள் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"செரி கண்ணு, நீ சொல்றபடியே இருக்கட்டும். நடுவுல எடமில்ல. அப்ப உங்கப்பா எங்க?"

மெர்வின் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நம்பிக்கைப்படி அவனுடைய அப்பா எங்கே என்று அவனுக்குத் தெரியும். அதை அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை.

சாமியாரிடம் போனாள். அவர் படித்தவர், புது ஆள். நரகம் என்பது ஓர் இடம் இல்லை அம்மா, ஒரு நிலை, ஆண்டவர் இரக்கமுள்ளவர், போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். ஒருத்தன் நடுவில் இடமே இல்லை என்கிறான், இன்னொருத்தர் நெருப்பே இல்லை என்கிறார். புருஷன் எங்கே என்று கேட்ட பொம்பளைக்கு ஒருவராவது நேரான பதில் சொன்னார்களா? இதுதான் எனக்கு எரிச்சல் என்கிறேன்.

அதனால் அவள் யாரையும் கேட்பதை விட்டாள். திங்கட்கிழமை ஆத்துமாக்களுக்கான நாள். மகன் வேலைக்குப் போனதும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்றாவது குழிக்குப் போனாள். அவருக்காகக் காப்பி குடிப்பதை விட்டாள். நாலரை வருஷம், ஒரு திங்கள் தவறவில்லை. குழியின் தலைமாட்டில் முட்டி போட்டு ஒரே வேண்டுதல்: இங்கே படுத்திருக்கிறவருக்கு இளைப்பாற்றி கொடுங்க சாமி.

இங்கே படுத்திருக்கிறவர். அப்படித்தான் சொல்வாள். கல்யாணமான நாளில் இருந்து புருஷன் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் ஏனுங்க. ரேஷன் கடையில் பேர் கேட்டால் கார்டை நீட்டுவாள். பேங்கில் கேட்டால் மகனைச் சொல்லச் சொல்வாள். செத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம்.

கல்லறைக்குள் ஆள் இல்லை. ஈரத்தில் ஊறின செவ்வந்தியும் சாம்பிராணியும் கருகின மெழுகும் கலந்து ஒரு வாசனை. குழிக்குக் குழி மெழுகுவத்திக் கட்டைகள். எல்லாம் அணைந்துவிட்டன. ஜெயக்கொடி மூன்றாவது குழியில் பூவை வைத்தாள். குடையைச் சாய்த்துப் பிடித்து மெழுகுவத்தி ஏற்றினாள். வழக்கமான வேண்டுதலைச் சொன்னாள். மெழுகுவத்தி ஆடவே இல்லை... தூறலிலும் ஆடாமல் நின்று எரிந்தது. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. மனசு லேசாகத் திரும்பி நடந்தாள்.

மில் சுவர் பாதி தூரம் தாண்டியிருப்பாள்.

சரக்...

நின்றாள். பின்னால் ஒன்றும் இல்லை. மறுபடி நடந்தாள்.

சரக்... சரக்...

காகிதம் இல்லை, துணி இல்லை. தடித்த பிளாஸ்டிக், நடக்கும்போது ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. அப்புறம் வாசனை வந்தது... பிளீச்சிங் பவுடர். நாலரை வருஷமாக மூக்கை விட்டுப் போயிருந்த வாசனை. அவளுக்குப் பயத்தை மீறி ஒரு ஆசை... அவராக இருக்குமோ?

"ஏனுங்க..." என்றது பின்னால் ஒரு குரல்.

அவர் குரல் இல்லை. மெலிந்த குரல், மரியாதையான குரல்.

"திரும்பிப் பாத்தராதீங்க அம்மணி. நான் பாக்கற மாதிரி இல்லீங்க. சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க."

"யாருங்க?"

"நீங்க மெழுகுவத்தி வெச்ச குழியில இருக்கறவனுங்க. எனக்குன்னு வேண்டறதுக்கு ஒருத்தருமில்லீங்க. நீங்கதான் திங்கத் திங்க வந்து எனக்காக வேண்டுனீங்க. உங்க புண்ணியத்துல இன்னிக்கு என்னைய உட்டுட்டாங்க."

"அப்ப எங்க ஊட்டுக்காரரு?"

"அவரு பக்கத்துக் குழிங்க. நீங்க வாரப்பெல்லாம் உங்களைக் கூப்புட்டுக் கத்துவாருங்க... பாவமுங்க."

"எந்தப் பக்கமுங்க?"

சரக்... சரக்... சத்தம் தள்ளிப் போனது.

"எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போங்க சாமி..."

"நான் போயிட்டு வாரனுங்க" என்றது குரல். அது ஏற்கெனவே தூரத்தில், மேலே இருந்து கேட்டது. அவள் சட்டென்று திரும்பினாள். வெறும் ரோடு. யோசித்துக்கொண்டே இருக்கிற அந்த ட்யூப்லைட்டு அப்போதுதான் பளிச்சென்று எரிந்தது.

இப்போது சொல்லுங்கள், எரிச்சல் வருமா வராதா? நாலரை வருஷம் அவள் காப்பியை விட்டதில், அவள் முட்டி தேய்ந்ததில் கரையேறின மனுஷன். நன்றி சொல்ல அவ்வளவு தூரம் நடந்து வந்தவன், இடதா வலதா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிரயோஜனம்?

ஜெயக்கொடி ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில் அழுதாள். பத்தரைக்கு வீடு வந்த மெர்வின் பைக்கில் தேடிக்கொண்டு வந்து அங்கே இருந்துதான் அவளைக் கூட்டிப் போனான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, அது மனுஷ ஆவியே இல்லை, பிசாசு போடுகிற வேஷம், இதற்குத்தான் போகாதீர்கள் என்றேன் என்றான். காலையில் சாமியாரிடம் போனாள். அவர் அடக்கப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். மே மாதம், அந்தத் தேதி, நாலு அடக்கம் என்று எழுதியிருந்தது. எந்தக் குழியில் யார் என்று இல்லை. அவர் ஆறுதலாகச் சிரித்தார்.

"ஆண்டவருக்குக் குழி நம்பர் எல்லாம் வேண்டாம்மா. உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி வேண்டுங்க. எங்க இருந்தாலும் போய்ச் சேரும்."

பேரைச் சொல்லி. ஜெயக்கொடி அப்படியே நின்றுவிட்டாள். இருநூறு திங்கட்கிழமைக்கு மேல்... ஒரு தடவைகூட பேரைச் சொல்லவில்லையே. அங்கே படுத்திருப்பவருக்கு என்றுதானே கேட்டாள். அங்கே படுத்திருந்தவனுக்குத்தானே கிடைத்தது. பக்கத்தில் கிடந்தவர், தன் பெண்டாட்டி வேறு யாருக்கோ வேண்டிவிட்டுப் போவதை இருநூறு தடவை கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அன்றைக்கும் திங்கட்கிழமைதான். ஷிப்ட் முடிந்து வந்த மெர்வினிடம் அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் போகிறேன், நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். அவன் பைக் சாவியை எடுத்தான். இது ஒரே ஒரு தடவை, இதோடு விட்டுவிட வேண்டும் என்றான். இன்னொரு நிபந்தனையும் போட்டான். மெழுகுவத்தியைப் பற்றவைக்கக் கூடாது. தீப்பெட்டியைப் பையில் இருந்து எடுத்துத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

எட்டரை மணிக்குக் கல்லறை. மழை வலுத்திருந்தது. மெர்வின் ரெயின்கோட்டோடு கொஞ்சம் தள்ளி நின்றான், செல்போன் வெளிச்சத்தை மட்டும் காட்டினான். ஜெயக்கொடி இரண்டாவது குழியில் புல்லை விலக்கி மூன்று மெழுகுவத்தியை ஈர மண்ணில் ஊன்றினாள். நாலாவது குழியில் மூன்று. எல்லாம் பற்றவைக்காத புது மெழுகுவத்தி. இரண்டுக்கும் நடுவில், ஆத்துமா போய்க் காலியான மூன்றாவது குழியின் மேல் முட்டி போட்டாள்.

பேர் வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். வெட்கமாக இருந்தது.

"நீ சொல்லு கண்ணு. உங்கப்பன் பேரை ஒருக்கா சொல்லு. போதும்."

"நான் சொல்ல மாட்டனுங்கம்மா. செத்தவங்க பேரைச் சொல்லி வேண்டக் கூடாது. என்னைய விட்டுருங்க."

அவன் குரல் நடுங்கியது. பிடிவாதத்தால் நடுங்கியதா, வேறெதனாலா, தெரியவில்லை.

அவளே சொன்னாள்.

"சின்னப்பராஜ்."

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. யாரோ முன்பின் தெரியாத ஆளின் பேர் மாதிரி அவள் காதில் விழுந்தது. மறுபடி சொன்னாள். சின்னப்பராஜுக்கு இளைப்பாற்றி கொடுங்க சாமி. அவர் மனசில் கிடந்தது எதுவானாலும் மன்னிச்சுருங்க. அழுதுகொண்டே, சத்தமாக, பேரைச் சொல்லிச் சொல்லி வேண்டினாள்.

ஒன்றுமே நடக்கவில்லை.

பிளாஸ்டிக் சத்தம் வரவில்லை. பிளீச்சிங் பவுடர் வாசனை வரவில்லை. ரெயின்கோட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான். அரைமணி நேரம் காத்திருந்தாள். போதுமாம்மா என்று மெர்வின் கேட்டான். அவள் எழுந்தாள். முன்னால் தெரியாத ஆள் வந்து நன்றி சொன்னான். இப்போது சொந்தப் புருஷன் ஒரு முனகல்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் விடிகாலை மெர்வின் காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் கல்லறைக்குப் போனான். ஊன்றி வைத்த மெழுகுவத்திகளை யாராவது பார்த்தால் மானக்கேடு, எடுத்துப் போட்டுவிடலாம் என்று போனான். ஆறு மணிக்கு ஷிப்டில் இருக்க வேண்டியவன் ஆறே காலுக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தான். உள்ளே வராமல் வாசல் குழாயைத் திறந்து வலது கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"என்ன கண்ணு? எங்க போயிட்டு வந்தே?"

"ரெண்டாவது குழியில நீங்க வெச்சது வெச்ச மாதிரியே இருக்குதுங்கம்மா" என்றான். "அப்பா நாலாவதுல இருக்காருங்க."

ஜெயக்கொடி சிலுவை போட்டுக்கொண்டாள். கண்டுபிடித்தாகிவிட்டது. இனிமேல் குழியும் தெரியும், பேரும் வாயில் வந்துவிட்டது, எத்தனை வருஷமானாலும் வேண்டி அவரை மீட்டுவிடலாம். நாலரை வருஷத்தில் அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான், அது எப்படி அவனுக்குத் தெரிந்தது என்ற யோசனை வந்தது.

மெர்வின் இடது கையை விரித்தான். மூன்று திரிகள். ஜெனிஷா அதைப் பார்த்திருக்கிறாள், ஒரு கர்ச்சீப்பில் சுற்றி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறதாம். ராத்திரி முழுக்கக் கொட்டின மழையில், நாலாவது குழி மண்ணில் ஊன்றின மெழுகுவத்தி மூன்றும் அடியில் இருந்து உருகி ஓடியிருந்தன. கடுகளவு மெழுகுகூட மிச்சமில்லை. திரி மூன்றும் நுனி முதல் அடிவரை வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒன்றில்கூட நெருப்புப் பட்ட கறுப்பு இல்லை. மண்ணில் கிடந்த அந்தத் திரிகளை எடுக்கப் போன கைதான் வெந்திருந்தது. தீப்பெட்டி அவன் சட்டைப் பாக்கெட்டிலேயே இருந்தது.

ஜெயக்கொடி திரியைப் பார்த்தாள், அவன் கொப்புளத்தைப் பார்த்தாள். அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது. உத்தரிக்கிற ஸ்தலத்திலும் நெருப்புத்தான் என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். பிறகு மகனிடம் மறுபடி அதையே கேட்டாள்.

"உங்கப்பா எங்க, கண்ணு?"

இந்தத் தடவை மெர்வின் போனை எடுக்கவில்லை. கீழே, தரையைப் பார்த்தான்.